பற்று நோட்டு

கித்தேரியான் பெயரில்
நாலாயிரத்து எழுநூற்றுப் பதினாறு ரூபாய்
இன்னும் நிற்கிறது.
பாம்பன் பஜாரில் பெயின்ட் கடை வைத்திருப்பவன்
ஓவியத்தைப் பற்றி என்ன சொல்ல?
பக்கம் புரட்டுகிறேன், அவ்வளவுதான்.

முதல் பக்கங்கள் எல்லாம் பச்சையும் வெள்ளையும்.
படகு உடம்புக்குப் பச்சை, நம்பருக்கு வெள்ளை.
நம்பர் எழுத அவனை அடிக்க ஆள் கிடையாது.
அவன் எழுதிய ஏழு
காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை,
ஜும்ஆ முடிந்து நான் ஷட்டரைத் தூக்கும்போது வந்தான்.
ரெட் ஆக்சைடு கால் லிட்டர், கறுப்பு அரை லிட்டர்.
எந்தப் படகுக்கு என்றேன்.
"படகுக்கு இல்ல மரைக்காரே, ஆளுக்கு."

அந்த வாரம்தான் அவன் அண்ணன் சூசைமரியானை
ஒன்பதாம் நாள் கடல் திருப்பிக் கொடுத்திருந்தது.
அரைஞாணை வைத்து மதினி அடையாளம் சொன்னாள்.
ஐஸ் கம்பெனி வாசலில் ஊரே மூக்கைப் பொத்தி விலக
இவன் மட்டும் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.
திட்டினார்கள்.
பார்த்துக்கொண்டே இருந்தான்.

உடைத்துப் போட்ட வள்ளத்தின் பலகையில் அதை வரைந்து
சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து காட்டினான்.
மூக்கு எங்கேடா என்று கேட்டுவிட்டேன்.
"மீன் தின்ன மூக்க நான் எங்க போய்த் தேட?"

பாசி எடுக்கும் பெண்களோடு
கழுத்தளவில் இறங்கி
கண்ணைத் திறந்தே முங்குவான்.
தண்ணீருக்குள் தொடை இடுப்பை விட்டு விலகிப் போகிறதாம்.
துணி சுற்றிய விரல்
பாறையைவிடப் பெரிதாகிறதாம்.
அப்படியே வரைந்தான்: கை ஒரு ஆள் உயரம்,
அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு பெண்.
எங்களை இப்படிக் கோரமாக்கிட்டானே என்று
கடை முன்னால் ஒரே சத்தம்.
நம்புத்தாய் மட்டும்
துணியை அவிழ்த்துத் தன் கையை
பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
"வெரலு சரியாத்தான் இருக்கு.
ஒடம்புதான் இன்னும் கொஞ்சம் சின்னதா இருக்கணும்."

மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார்.
என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துதான் கேட்டார்:
உங்களுக்கு யாருடைய பாதிப்பு அதிகம்?
இவன் சட்டைப்பையைத் தடவினான்.
"பாதிப்புன்னா தாசில்தார் ஆபீஸ்ல
எழுதிக் குடுத்திருக்கோம் சார்.
புயலுக்கு ஓடு முப்பது, வலை ரெண்டு.
அண்ணன் ஒண்ணு.
இன்னும் ஒண்ணும் வரல."
அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
போனை நீட்டி
எங்கோ குளிர்தேசத்து ஓவியர்கள் வரைந்த
கோணல் முகங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.
கித்தேரியான் ரொம்ப நேரம் பார்த்தான்.
"இவங்களுக்கு எந்தக் கடல்?"

தின்னர் வாசனை கடைசியில் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது.
இருமலுக்கு நடுவில் ஒருநாள்
கடனுக்கு ஈடு என்று ஒரு பலகையை இறக்கி வைத்தான்.
அது நான்.
கல்லாவுக்குப் பின்னால், ரெட் ஆக்சைடில்,
டப்பா மூடிபோல் அழுத்தி மூடிய வாய்.
கண் இரண்டும் ஒரே பக்கம்
தராசு தாழ்ந்த பக்கம்.

எங்கள் வாப்பா காலத்திலிருந்து
கடையிலும் வீட்டிலும் உருவப்படம் மாட்டுவதில்லை.
குடோனில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன்.
முதுகுப் பக்கம் பழைய படகு நம்பர்,
பாதி அறுந்த ஒரு ஏழு.
வரவில் எழுதவில்லை.
எழுதினால் ஒரு விலை போட வேண்டும்.

இன்னொன்று. நேற்றுத்தான் கவனித்தேன்.
பத்தொன்பது வருஷக் கணக்கில்
ஒரு டப்பா நீலம் வாங்கவில்லை.
கேட்டிருக்கலாம்,
தினமும் எதிரில்தான் நின்றான்.